எட்டாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திய கதை

டெலிபோன் ஸ்விட்ச்போர்டு வேலையில் நாள் முழுக்க எல்லோரும் நம்மிடம் பேசுவார்கள். ஆனால் ஒருவருக்கும் நம்மோடு பேச்சு இருக்காது.

இருந்தாலும் அது எனக்குப் பிடித்த வேலை. ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. ரப்பரும் மிளகும் வாங்கி விற்றார்கள். அழைப்பு வந்தால் போர்டில் ஒரு சின்ன மூடி 'டக்'கென்று விழும். எந்த மூடி என்று விரலால் தடவிப் பார்த்து, ஒயரைச் செருகி, கேட்ட ஆளுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். இதற்குக் கண் தேவையில்லை. எனக்குக் கண் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. அதன் பிறகு சில வருஷங்கள் அண்ணன் வீட்டுப் பின்னறையில், காலையா மாலையா என்று கேட்டுக் கேட்டு உட்கார்ந்திருந்தேன். பார்வையற்றவர்களுக்கு டெலிபோன் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த வேலை கிடைத்தது. மாதா கோயிலில் அண்ணி எனக்காக மெழுகுவத்தி ஏற்றினார்.

வேலை சுலபம். வேலைக்குப் போய்ச் சேருவதுதான் வேலை. தேக்கா மார்க்கெட் ஸ்டாப்பில் கை நீட்டி, பஸ் நிற்காமல் போய், அதன் புகையைக் குடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்களும் என் கட்சிதான். ஒரே வித்தியாசம், உங்களைத் தாண்டிப் போனது எந்தப் பஸ் என்று உங்களுக்குத் தெரியும். அதன் நம்பரைச் சொல்லித் திட்டலாம். எனக்கு அந்தத் திருப்திகூடக் கிடையாது.

கத்தக் கூடாது

ஆரம்பத்தில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்த ஸ்டாப் இருந்த சிராங்கூன் ரோட்டில் பல கம்பெனிகளின் பஸ்கள் ஓடின. ஒருவர் பிழைப்பில் ஒருவர் மண் போடும் போட்டி. கண்டக்டர்கள் படியில் தொங்கிக்கொண்டு, நம்பரையும் போகும் இடத்தையும் சீனர்களின் ஹொக்கியனிலும் மலாயிலும் தமிழிலும் கலந்து கத்துவார்கள். மார்க்கெட்டில் மீன் விற்பவர்கள் தோற்றார்கள். எட்டாம் நம்பர், ராஃபிள்ஸ் பிளேஸ் என்று காதில் விழுந்ததும் கையை நீட்டுவேன். பஸ் நிற்கும், ஏறிக்கொள்வேன்.

பிறகு எட்டாம் நம்பர் ஓட்டிய கம்பெனிக்கு நாகரிகம் வந்தது. புதுப் பஸ், புதுச் சட்டை, அதோடு கண்டக்டர்கள் இனிமேல் கத்தக் கூடாது என்று ஓர் உத்தரவு. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் வாயை மூடிக்கொண்டன. நம்பரைத்தான் பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக எழுதியாகிவிட்டதே, பிறகு எதற்குக் கூச்சல் என்றார்கள். ஊருக்கெல்லாம் சந்தோஷம். காதுக்கு நிம்மதி என்று அண்ணியே சொன்னார். எனக்கு மட்டும் ஒரே நாளில் எல்லாப் பஸ்ஸும் ஒன்றாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கை நீட்டினால்தான் பஸ் நிற்கும். எந்தப் பஸ் என்று தெரிந்தால்தான் கை நீட்ட முடியும். வேறு வழியில்லாமல், கனமான இன்ஜின் சத்தம் கேட்டால் போதும் என்று கையை நீட்டத் தொடங்கினேன். செங்கல் லாரி நின்றது. லைசென்ஸ் இல்லாமல் ஆள் ஏற்றும் பைரட் டாக்சி நின்றது. ஒரு நாள் சீனர் வீட்டுச் சாவுக்குப் பெட்டி ஏற்றிப் போன லாரிகூட மரியாதையாக நின்றது. கடைசியில் ஒரு பஸ் நின்றபோது, வெள்ளைக் கோலைக் கையில் பிடித்தபடி, இது எட்டா என்று கேட்டேன். கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்பர்தான் முன்னால பெருசா எழுதியிருக்குல்ல, பாத்துட்டுக் கை காட்டுங்க."

புண்ணியவான்

பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்லமாட்டார்களா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்டேன். எட்டு வந்தா சொல்றேன்மா என்பார்கள். அவர்களுடைய பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. காலியான இடத்துக்குப் பக்கத்தில் நான் நம்பிக்கையோடு நின்றுகொண்டிருப்பேன்.

இவர்களாவது பரவாயில்லை. ஒருநாள் ஒருவர் வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்தார், இழுத்தார், சைக்கிள்களுக்கும் கார்களுக்கும் நடுவே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை, அந்தப் பக்கம்தான் பஸ் வரும் என்று நடு ரோட்டிலேயே சொன்னேன். அவர் காதில் வாங்கினால்தானே? குருடிக்குக் கையைப் பிடித்து இழுத்தாவது உதவி செய்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்திருப்பார்போல. அந்த நேரத்தில், நான் முதலில் நின்றிருந்த பக்கம் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது. அது எட்டாகத்தான் இருந்திருக்கும். அவரோ என் தோளைத் தட்டினார்.

"நன்றியெல்லாம் வேணாம்மா, புண்ணியம் எனக்குத்தான்."

இறங்குகிற இடம்

ஏறிவிட்டால் மட்டும் என்ன? முன்பு ஒவ்வொரு ஸ்டாப்பையும் கத்தியதால் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். இப்போது பஸ்ஸுக்குள்ளும் வாய்ப்பூட்டு. கண்டக்டர் ஒருவரிடம் ராஃபிள்ஸ் பிளேஸ் வந்ததும் சொல்லுங்கள் என்று கேட்டேன். நல்ல தமிழ்ப் பையன். கவலையே படாதீங்க என்றான். நானும் முட்டாள்தனமாகக் கவலைப்படாமல் இருந்தேன்.

கடல் வாடை வந்தது, போனது. பிறகும் பஸ் ஓடி, இன்ஜினை அணைத்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசி ஸ்டாப், தஞ்சோங் பகார். நான் அவனைக் கூப்பிட்டு, தம்பி, நான் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவனுக்கு ஒரு வருத்தம் இல்லை, ஒரு சங்கடம் இல்லை. என்மேல்தான் குறையாம்.

"நம்ம ஸ்டாப் வந்ததும் நீங்கதானேக்கா எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கணும்."

நாயர் வைத்த கெடு

எங்கள் தலைமைக் குமாஸ்தா நாயர். கடிகாரத்துக்கே நேரம் சொல்லிக் கொடுக்கும் மனிதர். நான் தாமதமாக வரும் நாட்களில், ஆபீஸ் பையன் போர்டில் உட்கார்ந்து, துரைக்கு வரும் அழைப்பைக் கிடங்குக்கும் கிடங்குக்கு வரும் அழைப்பைத் துரைக்கும் கொடுத்து அமர்க்களம் செய்துவிடுவான். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதற்குள் நான்கைந்து முறை தாமதம்.

நாயர் கூப்பிட்டார். பஸ் நிற்பதில்லை என்று காரணம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். ரொம்ப அனுதாபமாகப் பேசினார். இனித் தாமதமானால் நிரந்தரம் செய்யச் சொல்லித் தன்னால் சிபாரிசு செய்ய முடியாது என்றார். தினமும் யாராவது கூட்டி வந்து கூட்டிப் போகட்டும் என்றார். அண்ணனுக்குத் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே வேலை. அண்ணிக்குக் கைக்குழந்தை. யார் வருவார்கள்? வேலை போனால் எனக்கு மறுபடி பின்னறைதான். நாயர் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"வேலையில ஒரு குறையும் இல்ல மிஸ் பிலோமினா, நீங்க வர்றதுலதான் குறை."

தலைகீழாகப் பிடித்தாலும்

அண்ணனுக்குத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின்மேல் அடையாளம் எழுதும் வேலை. நாயர் சொன்னதை அவரிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பலகைத் துண்டில் கறுப்பு மையால் பெரிய எட்டு ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். இதைத் தூக்கிப் பிடி, டிரைவருக்குத் தெரியும், நீ எதற்கும் கை நீட்ட வேண்டாம் என்றார். எனக்குப் பஸ் தெரியாவிட்டால் என்ன, பஸ்ஸுக்கு நான் தெரிந்தால் போதாதா? எவ்வளவு எளிய யோசனை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் பிடித்துவிடுவேனே என்று கேட்டேன்.

"தலைகீழாப் பிடிச்சாலும் எட்டு எட்டுதான் பிலோ, தைரியமாப் போ."

லாகி சத்து?

இங்கே சாப் ஜீ கீ பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஏதாவது இரண்டு நம்பரைச் சொல்லிப் பணம் கட்டும் திருட்டு லாட்டரி. போலீஸைத் தவிர எல்லோரும் கட்டினார்கள் என்பார்கள். போலீஸும் கட்டியதாகத்தான் எனக்குத் தகவல். நம்பர் எங்கிருந்து கிடைக்கும்? கனவில் கிடைக்கும், கார் மோதினால் கிடைக்கும், மரத்தடிச் சாமியிடம் கிடைக்கும். இப்படிப்பட்ட ஊரில் கண் தெரியாத ஒருத்தி வெள்ளைக் கோலோடு காலை வேளையில் கையில் எட்டு என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு தினமும் ஒரே இடத்தில் நின்றால் என்ன ஆகும்?

எனக்குப் புரிய மூன்று நாளானது. பலகையைத் தூக்கினேன், பஸ் நிற்கவில்லை. ஆனால் என்னைச் சுற்றி ஆள் சேர்ந்தது. மூச்சுச் சத்தம், செருப்புச் சத்தம், மல்லிகை வாசம், வெற்றிலை வாசம். யாரோ என் பாதத்தைத் தொட்டார்கள். இது பஸ் நம்பர் என்று தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன், இங்கிலீஷிலும் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். இப்படித்தான் சொல்ல முடியும், வெளிப்படையாகச் சொன்னால் போலீஸ் பிடிக்குமே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு வயதான ஞோன்யா, மலாய் பேசும் சீனப் பாட்டி, என் காதோரம் குனிந்து, எட்டு சரி, இன்னொன்று எது என்று மலாயில் ரகசியமாகக் கேட்டார்.

"லாப்பான்... லாகி சத்து?"

ராஜ மரியாதை

அந்த வாரமே எட்டு விழுந்து தொலைத்தது.

மறுநாள் காலை நான் பலகையைத் தூக்குவதற்கு முன்பே ஒரு பஸ் என் மூக்குக்கு எதிரே நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி வந்தார். இத்தனை காலத்தில் எந்தக் கண்டக்டரும் எனக்காகக் கீழே இறங்கியதில்லை. பக்குவமாக ஏற்றி, முன்வரிசையில் யாரையோ எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். டிரைவர் ஹொக்கியனில் வணக்கம் சொன்னதாக மொழிபெயர்த்தார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் வந்ததும் எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்கள். நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனிதர்களைப்போல டிக்கெட் வாங்கிப் போக நின்றபோது தாண்டிப் போன அதே பஸ்தானே இது? முடியும் என்றால் இவர்களால் நிறுத்த முடியும், இறங்க முடியும், சொல்ல முடியும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏன் இந்த உபசாரம் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"நேத்து எட்டு விழுந்துச்சுல்ல, இனிமே நீங்க எங்க பஸ்லதான் வரணும், வேற பஸ்ல ஏறிடாதீங்க."

நாயரின் சந்தேகம்

ராஜ மரியாதை நீடித்த வாரங்களில் நான் ஒரு நாளும் தாமதமாகவில்லை. ஒருநாள் நாயர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிரந்தரம் பற்றிப் பேசப்போகிறார் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு போனேன். கதவைச் சாத்தினார். தொண்டையைச் செருமினார். இந்த மாதிரி விஷயங்களில் தனக்கு நம்பிக்கை கிடையாது, தன் மனைவிதான் கேட்கச் சொன்னாள் என்று ஆரம்பித்தார். எட்டு என் பஸ் நம்பர் சார் என்றேன். அது எனக்குத் தெரியாதா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இருந்தாலும், ரெண்டாவது நம்பர் உங்க மனசுல என்ன தோணுதோ அதைச் சொன்னாப் போதும்."

சட்டம்

பிறகு எட்டு விழவே இல்லை. ஒரு மாதமாக விழவில்லை. எட்டை நம்பிக் கட்டியவர்களுக்கு என்மேல் கோபம். பஸ்கள் பழையபடி தாண்டிப் போயின. ஒன்றிரண்டு டிரைவர்கள் எனக்கு நேரே வரும்போது வேண்டுமென்றே வேகம் எடுத்தார்கள். மார்க்கெட்டில் யாரோ என் காலடியில் காறித் துப்பினார்கள். நான் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை, ஒன்றும் சொன்னதில்லை. ஒரு பஸ்ஸுக்கு நின்றேன், அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. யாரோ புகார் செய்ய, போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நான் தெருவில் திருட்டு லாட்டரிக்கு நம்பர் காட்டுகிறேனாம். ரோட்டில் ஓடும் பஸ்ஸில் எல்லாம் இதே நம்பர் எழுதியிருக்கிறதே, அவற்றையும் பிடிப்பீர்களா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணன் எழுதிய பலகையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது போர்டில் மூடிகள் எல்லாம் விழுந்து கிடந்தன. இன்னொரு முறை தாமதமானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நாயர் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் காலையில் சொன்னதுதான் நாள் முழுக்கக் காதில் இருந்தது.

"கையில நம்பரோட ரோட்டுல நிக்கக் கூடாதும்மா, பஸ்ஸுக்கு வேற சட்டம், ஆளுக்கு வேற சட்டம்."

எல்லாவற்றுக்கும் செல்லும்

விடுப்புக் கேட்டு பஸ் கம்பெனியின் ஆபீஸுக்கே போனேன். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தார். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மிகவும் மரியாதையாக உட்கார வைத்து, எங்கள் இருவருக்கும் காப்பி வரவழைத்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஸ்டாப்புக்கு வரும்போது கண்டக்டர் நம்பரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உள்ளே ஸ்டாப் பெயரைச் சொல்ல வேண்டும். வாய்க்குச் செலவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். உங்கட கஷ்டம் விளங்குது பிள்ளை என்றார். ஆனால் கூச்சலை நிறுத்தியதற்காகப் பயணிகள் கம்பெனியைப் பாராட்டுகிறார்கள், ஓர் ஆளுக்காக அதை மாற்ற முடியாது என்றார். என்னைப்போல் பலர் இருக்கிறார்கள், ஸ்டாப் வரை வர முடியாததால் நீங்கள் பார்த்ததில்லை என்றேன்.

பதிலுக்குப் பதிலாக ஓர் அட்டையை என் கையில் வைத்தார். இலவச பாஸ். இனிக் கட்டணமே வேண்டாமாம். அண்ணி குழந்தையின் கையைப் பிடித்து அவருக்குக் கும்பிடு போட வைத்தார். நான் சம்பளம் வாங்குகிறேன், டிக்கெட் வாங்குவேன். எனக்கு வேண்டியது பஸ். இந்தப் பாஸை எந்தப் பஸ்ஸில் காட்டுவது, அதை யார் எனக்குச் சொல்வது என்று கேட்டேன். அவர் உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார்.

"எந்த பஸ் எண்டாலும் பிரச்சினை இல்லை பிள்ளை, எல்லாத்துக்கும் செல்லும்."

நடு ரோடு

மறுநாள் காலை தேக்கா ஸ்டாப்பில் நின்றேன். தூரத்திலிருந்து கனமான இன்ஜின் சத்தம் வந்தது. கை நீட்டவில்லை. நடைபாதையை விட்டு இறங்கி, ரோட்டுக்கு நடுவே போய், வெள்ளைக் கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பிரேக் கத்தியது. இன்ஜின் சூடு முகத்தில் அடித்தது. டிரைவர் என் வம்சத்தையே திட்டினார். இது எத்தனையாம் நம்பர் என்று கேட்டேன். ஐந்து என்றார் கண்டக்டர். சரி, நீங்கள் போகலாம் என்று ஒதுங்கி வழிவிட்டேன்.

அடுத்தது பன்னிரண்டு. அதுவும் போகலாம். அதற்கடுத்தது லாரி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பின்னால் ஹார்ன்கள், சைக்கிள் மணிகள், தலையில் கூடையோடு நின்றவர்களின் வசவுகள். நான்காவதாக வந்தது எட்டு. ஏறினேன். பாஸைக் காட்டவில்லை, டிக்கெட் வாங்கினேன். பஸ் முழுக்க என்னைத் திட்டியது. சாக வேண்டுமானால் வேறு பஸ்ஸில் விழு என்றார் ஒரு பெரியவர். ராஃபிள்ஸ் பிளேஸ் வந்ததும் கண்டக்டர் மறக்காமல் உரக்கச் சொன்னார். என்னை எப்போது இறக்கிவிடுவோம் என்று காத்திருந்தார் பாவம்.

இப்படியே தினமும் செய்தேன். வீட்டில் அண்ணி அழுதார், அண்ணன் சாப்பிடாமல் படுத்தார். நிறுத்தவில்லை. பத்து நாள் இருக்கும். ஒரு காலை நான் நடைபாதையை விட்டு இறங்கக் காலெடுத்தபோது, தூரத்தில், முந்தின ஸ்டாப்பிலிருந்தே ஒரு குரல் வந்தது. பின்னாலேயே இன்னொரு பஸ், இன்னொரு குரல். என்னைக் கண்டதுமே எல்லாக் கண்டக்டர்களும் படியில் தொங்கிக்கொண்டு, உத்தரவாவது மண்ணாவது என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"எட்டு இல்ல, எட்டு இல்ல, அங்கயே நில்லுங்க!"

எட்டு வந்தபோது, எட்டு என்றார்கள். கை நீட்டினேன், நின்றது. அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்தார்கள். பிரம்புப் பட்டறைக்குப் போகும் பார்வையற்ற இரண்டு பேர் அதற்குள் எங்கள் ஸ்டாப்பிலிருந்தே தனியாகப் பஸ் ஏற ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனி உத்தரவை மாற்றவில்லை, கேட்காததுபோல் இருந்துவிட்டது.

இந்த ஊரில் கண் தெரியாதவருக்குப் பஸ் நிற்க வேண்டுமானால் அவர் அதிர்ஷ்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொல்லையாக இருக்க வேண்டும். வெறும் பயணியாக இருந்தால் மட்டும் போதாது.